டீக்கன் ஒபதியாவின் தலை

ஆர்மண்ட் திபோவுக்கு வெக்ஸ்கோம்ப் கல்லூரியில் இரண்டு வேலைகள். வார நாட்களில் நிலவறையிலிருக்கும் கொதிகலனைப் பார்த்துக்கொள்வது. இலையுதிர்காலத்துச் சனிக்கிழமைகளில் பியூரிட்டனாக இருப்பது. முதல் வேலைக்குச் சம்பளம் உண்டு. இரண்டாவதற்கு ஒரு சாண்ட்விச்சும் கைதட்டலும் உண்டு.

கல்லூரியின் ஃபுட்பால் அணிக்குப் பியூரிட்டன்ஸ் என்று பெயர். நாலு நூற்றாண்டுக்கு முன் கப்பலில் வந்து மாசசூசெட்ஸ் கரையில் இறங்கி, கூத்து கூடாது, சூது கூடாது, ஞாயிற்றுக்கிழமை ஓடக்கூடாது என்று வாழ்ந்த கறார்க் கிறிஸ்தவர்களின் பெயர் அது. அவர்கள் நினைவாக ஞாயிற்றுக்கிழமைதோறும் அணி ஓடிப் பழகியது. கல்லூரிக் கடையில் பியூரிட்டன் பீர்க் குவளை கிடைத்தது. பின்புறம் பியூரிட்டன்ஸ் என்று எழுதிய நீச்சலுடையும் எல்லா அளவிலும் கிடைத்தது. நூறு வருஷமாக இதில் யாருக்கும் எந்தக் குறையும் தெரியவில்லை.

அணியின் சின்னம் டீக்கன் ஒபதியா என்ற சபைப் பெரியவர். பீப்பாய் அளவுக்கு ஒரு ஸ்பாஞ்சுத் தலை, நெரித்த புருவம், அதன்மேல் உயரமான கறுப்புத் தொப்பி, தொப்பியில் தட்டு அகலத்துக்கு ஒரு பித்தளைப் பக்கிள். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் அந்தத் தலையை மாட்டியிருந்த மாணவன் வெயிலில் மயங்கி விழுந்தான். குழாய் ரிப்பேர் பார்க்க வந்த ஆர்மண்ட் பக்கத்தில் நின்றார். தோள் அளவு சரியாக இருந்தது. தற்காலிகமாக என்று சொல்லித்தான் அவர் தலையில் கட்டினார்கள். கல்லூரியில் எதைத் தற்காலிகம் என்றாலும் அது ஓய்வுபெறும்வரை நிற்கும்.

ஆர்மண்டின் தாத்தா கனடாவின் கியூபெக்கிலிருந்து பஞ்சாலை வேலைக்கு வந்தவர். குடும்பம் பரம்பரைக் கத்தோலிக்கம். கத்தோலிக்கர் என்றாலே ஆகாத நிஜப் பியூரிட்டன் எவனாவது அவரைக் கண்டிருந்தால் ஊர் எல்லைவரை துரத்திவிட்டுத்தான் மூச்சு வாங்கியிருப்பான். ஆர்மண்ட் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவருடைய மகள் கோலெட் அதே கல்லூரியில் இரண்டாம் ஆண்டு வேதியியல் படித்தாள். ஊழியரின் பிள்ளைக்குக் கட்டணம் கிடையாது. அப்பாவின் வேலை போனால் அந்தப் பருவத்தோடு சலுகையும் போய்விடும். அதனால் கல்லூரி அவரை ஒட்டகச்சிவிங்கியாக நிற்கச் சொல்லியிருந்தாலும் நின்றிருப்பார்.

ஒபதியாவின் தலைக்குள்ளிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. கண்கள் வெறும் பெயிண்ட். வாய்ப்பகுதியில் ஒரு வலைத்துணி உண்டு. அது வழியாகத் தன் ஷூ இரண்டும் தெரியும். ஐந்து நிமிஷத்தில் மூச்சுக்காற்று படிந்து ஷூவும் மறைந்துவிடும். ஆகவே கொதிகலன் அறைக் கூட்டாளி டூலி பின்னாலேயே நிற்பான். முதுகில் ஒரு தட்டு தட்டினால் ஆர்மண்ட் கூடாது கூடாது என்பதுபோல் விரலை ஆட்ட வேண்டும். இரண்டு தட்டினால், மைதான ஓரத்தில் கையும் காலும் மாட்டும் தொழுமரத்தில் போய் உட்கார வேண்டும். குழந்தைகள் ஈர ஸ்பாஞ்சால் அடிப்பார்கள். ஊரே சிரிக்கும்.

அக்டோபரில் பழைய மாணவர்கள் கூடும் சனிக்கிழமை அன்று லாண்ட்டன் கல்லூரியோடு ஆட்டம். இடைவேளையில் லாண்ட்டனின் நடனப் பெண்கள் மைதானத்துக்கு வந்தார்கள். டூலி ஒரு தட்டு தட்டினான். ஆர்மண்ட் விரலை ஆட்டினார். யாரோ படம் பிடித்தார்கள்.

செவ்வாய்க்கிழமை டூலி மாணவர் பத்திரிகையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு நிலவறைக்கு இறங்கி வந்தான்.

"டேய் ஆர்மண்ட், உன் மேல புகார்டா."

"என்ன புகார்?"

"பியூரிட்டன் வேஷம் போட்டுக்கிட்டு பியூரிட்டன் மாதிரி நடந்துக்கிட்டியாம்."

ஆர்மண்ட் நீர்மட்டக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே யோசித்தார். "வேற எப்படி நடந்துக்கணுமாம்?"

"அதைக் கண்டுபிடிக்கத்தான் கமிட்டி போடறாங்களாம்."

"தட்டினது நீதானே?"

"நான் தட்டினதை யாருடா படம் எடுத்தான்? உன் விரல்தான் முதல் பக்கத்துல இருக்கு. நல்லாத்தான் விழுந்திருக்கு, வேணும்னா வெட்டி வெச்சுக்க."

அடுத்த பத்து நாளில் அந்த வார்த்தை கல்லூரி முழுக்கத் தொற்றிக்கொண்டது. சின்னத்தை எடுக்கச் சொன்ன மாணவர்களைப் பழைய மாணவர்கள் பியூரிட்டன் என்றார்கள். பீர்ப் பந்தலை மூடிய டீனை மாணவர்கள் பியூரிட்டன் என்றார்கள். வகுப்புக்கு நேரத்தோடு வரச் சொன்ன பொருளாதாரப் பேராசிரியரை டீன் பியூரிட்டன் என்றார். புதன்கிழமை புட்டிங்கை நிறுத்திய உணவுக்கூட மேலாளர் பியூரிட்டன் ஆனார். சர்க்கரை ஆகாது என்று அவருக்கு நன்றிக் கடிதம் எழுதிய நீச்சல் பயிற்சியாளர் அதைவிடப் பெரிய பியூரிட்டன் ஆனார். குடிக்காதவன் பியூரிட்டன். குடித்துவிட்டுச் சத்தம் போடாதவனும் பியூரிட்டன். கலைத்துறையில் மட்டும் அது பாராட்டாக இருந்தது. வெள்ளையடித்த அறையில் ஒற்றை மர நாற்காலியை வைத்துவிட்டு, இதில் ஒரு பியூரிட்டன் எளிமை இருக்கிறது என்று பலகை மாட்டியிருந்தார்கள். டூலி ஒருநாள் அதில் உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிட்டான். இரண்டு பேர் அவனைச் சுற்றி வந்து குறிப்பெடுத்தார்கள்.

டீன் பிலிப்பா ஸ்ட்ரௌட் ஆர்மண்டைக் கூப்பிட்டனுப்பினார். அறையில் கல்லூரி வக்கீல் ஒருவர், குறிப்பெடுக்க ஒரு பெண், நடுவில் ஒரு டிஷ்யூப் பெட்டி.

"முதல்ல ஒண்ணு சொல்லிடறேன் ஆர்மண்ட். என்னை பிப்பான்னே கூப்பிடுங்க."

"சரிங்க மேடம்."

"இது விசாரணை இல்ல. விசாரணைன்னா நீங்களும் வக்கீல் வெச்சுக்கலாம், ஆதாரம் கேக்கலாம், அப்பீல் பண்ணலாம். அந்தத் தொந்தரவெல்லாம் உங்களுக்கு எதுக்கு? இது வெறும் உரையாடல். உங்களுக்கு பேச இடம் கொடுக்கற இடம் இது. மூணு இடத்துல கையெழுத்து போட்டுட்டீங்கன்னா ஆரம்பிச்சிடலாம்."

"மேடம், எனக்கு ஒண்ணுமே தெரியலைங்க. தலைக்குள்ளேர்ந்து பார்த்தா ஷூதான் தெரியும். யார் ஆடினாங்க, என்ன போட்டிருந்தாங்க, எதையும் நான் பாக்கல."

டீன் கனிவோடு தலையாட்டினார். "நீங்க பாத்தீங்களாங்கறது முக்கியமில்ல ஆர்மண்ட். உங்க விரல் பாத்துச்சு."

குறிப்பெடுத்த பெண் அதை எழுதிக்கொண்டாள்.

"இந்தக் கல்லூரி யாரையும் தீர்ப்பு பண்ணாது" என்றார் டீன். "அதுல நாங்க ரொம்ப கண்டிப்பா இருப்போம். தீர்ப்பு பண்றவங்களுக்கு இங்க இடமே கிடையாது. நவம்பர் மூணாவது வியாழக்கிழமை எல்லாரும் சேப்பல்ல கூடறோம். ஒவ்வொருத்தரும் தனக்குள்ள இருக்கற பியூரிட்டனை எல்லாருக்கும் முன்னால ஒத்துக்கணும். நீங்க கடைசியா பேசறீங்க. என்ன பேசணும்னு நாங்களே எழுதி வெச்சிருக்கோம், உங்களுக்கு சிரமம் வேண்டாம்னு."

"பேசலைன்னா?"

டீன் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் டிஷ்யூப் பெட்டியை ஆர்மண்ட் பக்கம் நகர்த்தினார். "பேசலைன்னா உங்களுக்கும் எங்களுக்கும் கொஞ்சம் இடைவெளி தேவைப்படும்" என்றார்.

இடைவெளி என்றால் வேலை போய்விடும் என்று விளங்க ஆர்மண்டுக்கு மாடிப்படி இறங்கும் நேரம் பிடித்தது. பாதிப் படியில் திரும்பி ஏறினார்.

"மேடம், ஒரே ஒரு விஷயம். எல்லாரும் சேப்பலுக்கு வந்துட்டா கொதிகலனை யார் பாக்கறது? பழசு. தண்ணி மட்டம் இறங்கினா தானா அணைஞ்சிடும். ஒருத்தராவது கீழ இருக்கணும்."

"ஒருத்தருக்கு விலக்கு கொடுத்தா, மத்தவங்களைவிட அவர் சுத்தமானவர்ங்கற மாதிரி ஆயிடும். அதுதான் ஆர்மண்ட் பியூரிட்டன் மனப்பான்மைங்கறது" என்றார் டீன்.

கமிட்டியில் பத்தொன்பது பேர். முதல் கூட்டத்திலேயே அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று முடிவு செய்ய வேண்டாமென்று முடிவு செய்தார்கள். அர்த்தம் சொன்னால் சிலர் உள்ளே, சிலர் வெளியே என்று ஆகிவிடும், அது பியூரிட்டன்தனம் என்று ஒருவர் சுட்டிக்காட்டினார். அந்த ஊரில் பியூரிட்டன்களைப் பற்றி உண்மையில் படித்த ஒரே ஆள், ஐடா ஃபெல்ட்மன் என்ற சரித்திரப் பேராசிரியை. நாற்பத்தொரு வருஷமாக அவர்களுடைய நாட்குறிப்புகளைத்தான் வாசித்துக்கொண்டிருந்தார். விஷயம் தெரிந்தவர் என்பதால் பாரபட்சம் வந்துவிடும் என்று அவரைக் கமிட்டியில் சேர்க்கவில்லை.

நடுவில் பழைய மாணவர் விருந்து ஒன்றும் நடந்தது. கல்லூரிக்கு நூலகம் கட்டிக்கொடுத்த ஹக் வான் டைன் என்பவர் பேசினார். மேடைக்குப் பின்னால் ஹீட்டர் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்த ஆர்மண்ட் முழுவதையும் கேட்க வேண்டியதாயிற்று.

"இந்தக் காலத்துப் பசங்கதான் புது பியூரிட்டன்கள்" என்றார் வான் டைன், நண்டுச் சாறு வழிந்த கையைத் துடைத்துக்கொண்டு. "எதைப் பார்த்தாலும் தடை பண்ணு, மூடுங்கறாங்க. என்னால சகிக்க முடியல. அதனால அவங்க பத்திரிகையைத் தடை பண்ணணும், அவங்க சங்கத்தை மூடணும். நம்மகிட்ட இருந்த அந்தப் பியூரிட்டன் உழைப்பு எங்க போச்சு? நான் தினமும் நாலரை மணிக்கு எழுந்து பச்சைத்தண்ணில குளிக்கறேன். யார் கையையும் எதிர்பார்த்ததில்ல. எங்கப்பா எனக்கு விட்டுட்டுப் போனது வெறும் ரெண்டு ஃபாக்டரிதான்."

கைதட்டல் அடங்க வெகு நேரமாயிற்று. ஆர்மண்ட் ஹீட்டரை மூடிவிட்டு வெளியே வந்தார். அவருக்கு இப்போது உண்மையிலேயே குழப்பமாக இருந்தது. இத்தனை பேர் ஒரே வார்த்தையை வைத்து ஒருவரையொருவர் அடித்துக்கொள்கிறார்கள், அடி மட்டும் தன் முதுகில் ஏன் விழுகிறது என்று அவருக்கு விளங்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை ஃபெல்ட்மனின் அறை ரேடியேட்டர் பழுதானது. ஆர்மண்ட் மண்டியிட்டு வால்வைத் திருகும்போது மேலே மேஜையிலிருந்து அவர் குரல் வந்தது.

"அந்த விரல் நீங்கதானே?"

"ஆமாங்க."

"நல்ல விரல். ஆனா தொப்பிதான் தப்பு. பியூரிட்டன்கள் தொப்பில பக்கிளே வெச்சதில்ல. கலர் கலரா உடுத்துவாங்க. காலையில எழுந்தா பீர் குடிப்பாங்க. ஒருத்தன் பொண்டாட்டிகூட ரெண்டு வருஷம் படுக்கலைன்னு அவனை சபையை விட்டே தள்ளி வெச்சிருக்காங்க, தெரியுமா?"

ஆர்மண்டின் காது சிவந்தது. வால்வை இன்னொரு சுற்று திருகினார். "அப்ப அவங்க எதுலதாங்க கறாரு?"

"தப்பு பண்ணினவனை ஊருக்கு முன்னால நிறுத்தி, அவன் வாயாலயே ஒத்துக்க வைப்பாங்க. உருக்கமா ஒத்துக்கிட்டா சேர்த்துக்குவாங்க. இல்லைன்னா ஊரை விட்டு அனுப்பிடுவாங்க. அது ஒண்ணை மட்டும் அவங்ககிட்டேர்ந்து நாம மறக்கவே இல்ல." மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இப்ப சூடு வருதா?"

"வருதுங்க" என்றார் ஆர்மண்ட்.

வீட்டில் கோலெட் டீன் எழுதிக் கொடுத்த உரையைப் படித்துவிட்டு மேஜைமேல் போட்டாள். அதில் நாலு இடத்தில் 'இளம் பெண்களின் உடலை நான் தீர்ப்பிட்டேன்' என்று இருந்தது. அடுப்பில் இறைச்சி பொதிந்த மாவு அடை வெந்துகொண்டிருந்தது.

"பப்பா, இதை நீங்க வாசிக்கப் போறதில்ல."

"உனக்கு இன்னும் ரெண்டரை வருஷம் இருக்கு கண்ணு. ரெண்டு நிமிஷம் வாசிச்சா முடிஞ்சிடும்."

"நீங்க பாக்கவே இல்லையே."

"விரல் பாத்துச்சாம்."

"சிரிக்க வைக்காதீங்க, கோவமா இருக்கேன். என் வகுப்புல பாதிப் பேர் உங்களை ஸ்பாஞ்சால அடிச்சு வளர்ந்த பசங்க. அவங்க முன்னால நீங்க நின்னு இதைச் சொன்னா, நான் அந்த லேப்ல எப்படி நிக்கறது? அந்தப் படிப்பு எனக்கு வேண்டாம்."

"வாயை மூடு" என்றார் ஆர்மண்ட். எழுந்து போய் அடுப்பைப் பார்த்தார். பாவசங்கீர்த்தனம் என்றால் அவருக்கு இருட்டு அறை, மரச்சன்னல், பாதிரியாரின் காதில் மட்டும் கிசுகிசுப்பாகச் சொல்வது. ஐம்பது வருஷமாக அப்படித்தான் சொல்லியிருக்கிறார். பண்ணிய பாவத்தைச் சொல்லவே வாய் வராது. பண்ணாத பாவத்தை எண்ணூறு பேருக்கு முன்னால் மைக்கில் சொல்வது எப்படி என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. பயமாக இருந்தது. மகளுக்காக என்றால் பயத்தோடே செய்துவிடலாம், ஆனால் மகளே வேண்டாமென்கிறாள்.

நவம்பர் மூன்றாம் வியாழன். வெளியே உறைபனி. அன்றைக்குச் சிந்தனை நாள் என்பதால் கூட்டம் முடியும்வரை உணவுக்கூடம் திறக்காது. ஒன்பது மணிக்குச் சேப்பல் கதவைச் சாத்தி, வந்தவர்கள் பெயரைக் குறித்துக்கொண்டார்கள். மூன்று மாணவர்கள் நீண்ட கழியின் நுனியில் பஞ்சு சுற்றிய மைக்கைப் பிடித்துக்கொண்டு வரிசை வரிசையாக நடந்தார்கள். யாராவது கண்ணயர்ந்தால் மைக் மூக்கருகே வந்து நின்றது.

பேச வேண்டிய முறை எளிது. மேடையேறி, 'நான் தீர்ப்பிட்டேன், நான் வருந்துகிறேன், நான் கற்றுக்கொண்டிருக்கிறேன்' என்று சொல்ல வேண்டும். கூட்டம் 'கேட்டோம்' என்று சொல்லும். பொருளாதாரப் பேராசிரியர் தாமதமாக வந்த ஒருவனை முறைத்ததாக ஒத்துக்கொண்டார். கேட்டோம் என்றார்கள். உணவுக்கூட மேலாளர் புட்டிங்கைச் சொல்லி அழுதார். அழுகை நீண்டதால் நேரத்தை மதிக்கச் சொன்னார்கள். நீச்சல் பயிற்சியாளர் போதிய வருத்தமில்லாமல் பேசியதால் திரும்ப வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று. ஒரு மாணவி தன் அறைத்தோழி தன்னைவிட மோசம் என்றாள். அவளுடைய துணிச்சலை டீன் மேடையிலிருந்தே பாராட்டினார். அதற்கப்புறம் தங்களைப் பற்றிப் பேசியவர்கள் குறைந்து, பக்கத்தில் இருப்பவர்களைப் பற்றிப் பேசியவர்கள் பெருகினார்கள்.

பதினொரு மணிக்குச் சுவரோர நீராவிக் குழாய்களில் கேட்டுக்கொண்டிருந்த டொக் டொக் சத்தம் நின்றது. எண்ணூறு பேரில் இரண்டு பேருக்குத்தான் அது கேட்டது. டூலியும் ஆர்மண்டும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டூலி எழுந்தான். பஞ்சு மைக் அவன் மூக்கருகே வந்தது. உட்கார்ந்துவிட்டான்.

பன்னிரண்டரைக்குப் பேசுபவர்களின் வாயிலிருந்து புகை வந்தது. ஆர்மண்டுக்குப் பக்கத்தில், கம்பளியைப் போர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஃபெல்ட்மன் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

"பட்டினி. கழி. வாக்குமூலம். இப்ப குளிர். பியூரிட்டன் சபைக்கூடத்துலயும் தூங்கறவனை எழுப்பக் கழி உண்டு, அடுப்பு கிடையாது. இவ்வளவு சரியா என் மாணவங்க யாரும் செஞ்சு காட்டினதில்ல" என்று கிசுகிசுத்தார். "இன்னும் ஒண்ணுதான் பாக்கி."

ஆர்மண்ட் அது என்னவென்று கேட்கவில்லை. அவருடைய பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

கொண்டுவரச் சொல்லியிருந்த ஒபதியாவின் தலையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மேடையேறினார். உரைத்தாளைப் பிரித்தார். மூன்றாவது வரிசையில் கோலெட் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குளிரிலோ கோபத்திலோ அவள் மூக்கு சிவந்திருந்தது. ஆறு வயதில் ஸ்பாஞ்சால் அடித்துவிட்டு, வலிச்சுதா பப்பா என்று தொழுமரத்தடியில் வந்து கேட்டவள். ஆர்மண்ட் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"நான் யாரையும் பாக்கலைங்க" என்றார். "இந்தத் தலையில கண்ணு இல்ல. இருபத்திரண்டு வருஷத்துல நான் ஒரு ஆட்டம்கூடப் பாத்ததில்ல. யார் ஜெயிச்சாங்கன்னுகூட டூலிதான் சொல்லுவான். நான் பண்ணினது நிறைய இருக்கு, அதை சனிக்கிழமை சாயங்காலம் ஃபாதர்கிட்ட சொல்லிக்கறேன். இது அதுல சேராது. சந்தேகம்னா மேடம் நீங்களே போட்டுப் பாருங்க."

கூட்டம் பழக்கதோஷத்தில் 'கேட்டோம்' என்றது.

டீன் ஸ்ட்ரௌட் ஒரு கணம் தயங்கினார். கழி மைக்குகள் மூன்றும் அவர் பக்கம் திரும்பின. திறந்த மனமுள்ளவர் என்று பெயரெடுத்தவர் வேறென்ன செய்ய முடியும். தலையை வாங்கி மாட்டிக்கொண்டார். தலையைக் கழுத்தோடு பூட்டும் பின்பக்கப் பக்கிள் கிளிக் என்று விழுந்தது.

"எனக்கு நல்லா தெரியுது" என்றார் உள்ளிருந்து. குரல் கிணற்றிலிருந்து வருவதுபோல் இருந்தது. அவர் மைக்குக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். யாரோ மெல்லத் திருப்பி நிறுத்தினார்கள். "இந்த அவை ஒரு மனுஷரை அன்போடு கூப்பிட்டுச்சு. அவர் மறுத்துட்டார். நாங்க அவரைத் தீர்ப்பு பண்ணல. ஆனா இந்த நிமிஷத்துலேர்ந்து அவர் இந்தக் கல்லூரி வாசலுக்குள்ள காலெடுத்து வைக்கக் கூடாது." மேடையின் விளிம்பு எங்கே என்று தடவ அவர் விரலை நீட்டி முன்னும் பின்னும் ஆட்டினார். நெரித்த புருவம், கறுப்புத் தொப்பி, வாயில் புகை, எண்ணூறு பேரைப் பார்த்து ஆடும் விரல். அதையும் யாரோ படம் பிடித்தார்கள்.

ஃபெல்ட்மன் ஐந்தாவது விரலை மடக்கினார்.

காவலாளி ஆர்மண்டை வாசல்வரை கொண்டுவந்து விட்டு, மன்னிப்புக் கேட்டுவிட்டு, கேட்டை மூடினான். ஆர்மண்ட் சாலையோரம் நின்றார். ஊர் எப்போதும்போல் இருந்தது. இரண்டரை வருஷக் கட்டணத்துக்கு வீட்டை விற்றாலும் போதாதே என்ற யோசனை மட்டும் ஓடியது. அழவேண்டும்போல் இருந்தது. மூக்கைச் சிந்திக்கொண்டார்.

கால் மணியில் டூலி மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"டேய், தலை கழல மாட்டேங்குதுடா. நீ அந்தப் பக்கிளுக்கு என்ன பண்ணி வெச்சிருக்க?"

"பதினோரு வருஷம் முன்னால உடைஞ்சு போச்சு. கொதிகலன் கிளாம்ப் ஒண்ணு வெச்சு சரி பண்ணினேன். அமுக்கிக்கிட்டே கால் சுத்து திருப்பணும். இழுத்தா இறுகும்."

"பத்தொன்பது பேர் இழுத்துட்டாங்க."

"கத்திரிச்சு எடுக்கலாமே."

"கூடாதாம். அது உரையாடலுக்கான சான்றுப்பொருளாம். வக்கீல் விட மாட்டேங்கறாரு."

"அப்ப நான் வரேன்."

"நீ உள்ள வரக் கூடாதே. அந்த உத்தரவை மாத்தணும்னா டீன்தான் கையெழுத்து போடணும். எதுல போடறோம்னு படிச்சுப் பாக்காம கையெழுத்து போடக் கூடாதுங்கறது கல்லூரி விதி. அவங்களுக்குத்தான் ஒண்ணும் தெரியலையே."

ஆகவே டீனை வாசலுக்குக் கூட்டிவந்தார்கள். இரண்டு பக்கமும் இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொள்ள, டீக்கன் ஒபதியா உறைபனிப் புல்வெளியில் தட்டித் தடவி வந்தார். பின்னால் கமிட்டி, அதன் பின்னால் பசியில் வெளிறிப்போன மொத்தக் கல்லூரி. கேட்டுக்கு உட்புறம் டீன் நின்றார். வெளிப்புறம் ஆர்மண்ட் நின்றார்.

"திரும்பி நில்லுங்க மேடம்" என்றார். கம்பிகளுக்கிடையே கையை விட்டார்.

"ஒரு நிமிஷம் பப்பா." கோலெட் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அன்றைய நிகழ்ச்சி நிரலின் பின்பக்கத்தில் ஏதோ எழுதி வைத்திருந்தாள். "இதை முதல்ல எல்லாருக்கும் வாசிக்கறேன். 'ஆர்மண்ட் திபோ எதையும் பார்க்கவில்லை. அவர் வேலையில் இருக்கிறார். அவர் மகள் படிப்பு முடியும்வரை சலுகையும் இருக்கிறது.' இவ்வளவுதான்."

"கேட்டோம்" என்றது கல்லூரி. வேறெதுவும் சொல்ல யாருக்கும் தெம்பு இல்லை.

"படிச்சுப் பாக்காம எப்படி..." என்றது தலை.

"பாக்கலைன்னா பரவாயில்ல மேடம்" என்றாள் கோலெட். "உங்க விரல் பாத்துக்கும்." பேனாவை அவர் விரல்களுக்கிடையே வைத்தாள்.

டீன் கையெழுத்துப் போட்டார். ஆர்மண்ட் அமுக்கிக் கால் சுற்று திருப்பினார். தலை கழன்று வந்தது. முடி நெற்றியில் ஒட்டி, முகம் சிவந்து, டீன் வெளிச்சத்துக்குக் கண்ணைச் சிமிட்டினார்.

"உள்ள ஒண்ணுமே தெரியல" என்றார், யாரிடமும் இல்லாமல்.

"அதைத்தாங்க சொன்னேன்" என்றார் ஆர்மண்ட். "நான் போய் கொதிகலனைப் பாக்கலாமா?"

டீன் தலையாட்டினார். ஆர்மண்ட் நாலடி எடுத்து வைப்பதற்குள் பின்னால் அவர் குரல் கேட்டது. பழைய தெம்பு திரும்பியிருந்தது. "இது எல்லாருக்கும் கிடைக்க வேண்டிய அனுபவம்" என்று அவர் கமிட்டியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

வசந்த பருவத்திலிருந்து அது கட்டாயப் பயிற்சியானது. ஊழியர், ஆசிரியர், மாணவர் எல்லோரும் ஆளுக்குப் பத்து நிமிஷம் ஒபதியாவின் தலையை மாட்டிக்கொள்ள வேண்டும். பிறகு ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அதில் ஒரே கேள்வி: உள்ளே இருந்தபோது என்ன பார்த்தீர்கள்? பொருளாதாரப் பேராசிரியர் தன் குழந்தைப்பருவத்தைப் பார்த்ததாக ஆறு பக்கம் எழுதினார். கலைத்துறை வெறுமையைப் பார்த்தது. வான் டைன் விமானத்தில் வந்து மாட்டிக்கொண்டு, உழைப்பைப் பார்த்துவிட்டுப் போனார். ஃபெல்ட்மன் ஓய்வுபெற்றுவிட்டார். அணியின் பெயர் இன்னும் பரிசீலனையில் இருப்பதால் சட்டைகளில் அந்த இடத்தை வெற்றாக விட்டிருக்கிறார்கள். கடையில் நீச்சலுடை மட்டும் பழைய பெயரிலேயே விற்கிறது.

பக்கிளைத் திருப்பத் தெரிந்தவர் ஒருவர்தான் என்பதால், மாட்டுவதும் கழற்றுவதும் ஆர்மண்டின் மூன்றாவது வேலை ஆயிற்று. தற்காலிகம்தான். கோலெட் மூன்றாம் ஆண்டுக்குப் போனாள். எண்ணூறு பேருக்கு மாட்டிக் கழற்றிய பிறகு, பட்டியலில் கடைசியாக அவர் பெயர் வந்தது. டூலி மாட்டிவிட்டான். பத்து நிமிஷம் கழித்து ஆர்மண்ட் படிவத்தில் எழுதினார்: ஒன்றும் தெரியவில்லை.

ஒரு வாரத்தில் படிவம் திரும்பி வந்தது. பதில் போதிய அளவு உண்மையாக இல்லை, மறுபடி முயலவும் என்று அதில் முத்திரை குத்தியிருந்தது. ஆர்மண்ட் நீர்மட்டத்தை ஒருமுறை சரிபார்த்துவிட்டு, ஒபதியாவின் தலையை எடுத்து மாட்டிக்கொண்டு, கொதிகலனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மறுபடி பார்த்தார்.